கார் விற்கிற விளையாட்டு

ஏனுங்க்கா, விளையாட்டுல வேலை போனா நிஜத்துல கோபம் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்க. இருங்க, முதல்ல இந்தப் பக்கமா மாறி உட்காருங்க. அந்தப் பக்கம் இருந்து பேசினா எனக்குச் சரியா விழாது, இடது காது கொஞ்சம் மந்தம். பூவிழி, பெரியம்மாவுக்கு இடம் விடு சாமி. ஏய், அடிக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க்கா. இன்னும் மூணு வயசு முடியலை, அதுக்குள்ள வாய் பேசறதுக்கு முன்னாடி கை பேசுது. அப்படியே அவங்க அப்பா.

சேலம் வரைக்குமா போறீங்க? நல்லதாப் போச்சு. நானும் சேலம்தான், ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணும் இல்லீங்க. வில்வநாதன்னு ஒருத்தர், ராசிபுரத்து ஷோரூம் மேனேஜர், தாடை உடைஞ்சு படுத்திருக்கார். அவர் சம்சாரம் ஜெயக்கொடியைப் பார்க்கணும். இந்தத் தூக்குப்போசியில என்ன இருக்குன்னு பார்க்கறீங்களா? கஞ்சி. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்களாம். வேற என்ன இறங்கும்? குழல்ல உறிஞ்சற மாதிரி வேட்டித் துணியில வடிகட்டியிருக்கேன். வெறுங்கையோட போகக் கூடாது பாருங்க, அடிச்சது எங்க வீட்டுக்காரர்.

தெய்வசிகாமணின்னு பேரு. திருச்செங்கோட்டு ஷோரூம் மேனேஜர். இப்ப சேலம் ஜெயில்ல இருக்கார். வக்கீல் என்ன சொல்றார்னா, புகார் கொடுத்த ஜெயக்கொடி மனசு வச்சு, 'ரெண்டு பேருக்கும் தள்ளுமுள்ளு, வேணும்னு அடிக்கலை'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வெளியே எடுத்துடலாம்னார். இல்லைன்னா கொலை முயற்சின்னு கேஸ் போயிடும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தப் பயணம்.

ஆனா அவர் அப்படிப்பட்ட மனுஷன் இல்லீங்க்கா. தெருவுல நாய் குறுக்கே வந்தாக்கூட வண்டியை நிறுத்திடுவார். ஷோரூம்ல வந்து கேட்டுப் பாருங்க, கஸ்டமர் மூஞ்சியில காறித் துப்பினாலும் துடைச்சுட்டு 'சார், காபியா டீயா'ன்னு கேப்பார். அவ்வளவு பொறுமை. எல்லாக் கோபத்தையும் அடக்கி அடக்கி வச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவார், பாவம்.

எல்லாம் அந்த விளையாட்டுல வந்த வினை. கார் விற்கிற விளையாட்டு. சிரிக்காதீங்க, பெரிய பெரிய மேனேஜருங்களுக்கு இப்ப இதுதான் பள்ளிக்கூடம். நிஜக் கடையில தப்புப் பண்ணிக் கத்துக்கிட்டா முதலாளி போண்டியாகிடுவாராம். அதனால பொய்க் கடையில தப்புப் பண்ணிக் கத்துக்கணுமாம். கம்ப்யூட்டருக்குள்ள ஆளுக்கொரு ஷோரூம். எத்தனை வண்டி எடுக்கறது, எவ்வளவு தள்ளுபடி விடறது, எத்தனை மெக்கானிக்கை வச்சுக்கறது, யாரை வீட்டுக்கு அனுப்பறது, எல்லாத்தையும் இவங்க தட்டணும். மணி அடிச்சா மூணு மாசம் முடிஞ்சதுன்னு அர்த்தம். யார் வித்தது, யார் மண்ணைக் கவ்வினது எல்லாம் சுவத்துல பெரிசா வந்துடும். நாங்க சின்னப் பிள்ளையில கொட்டாங்குச்சியில மண்ணை நிரப்பி இட்லிக்கடை வைப்போமே, அதேதான். இதுக்குக் கோட்டு சூட்டு போட்டுக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலாளி நாலு ஊர் மேனேஜரையும் ஏற்காட்டுக்கு வரச் சொல்லிட்டார். ஓட்டல்ல தங்கி ஆடணும். அதுல ஜெயிக்கறவர்தான் நாலு ஊருக்கும் பெரிய மேனேஜர், மத்தவங்க அவருக்குக் கீழே. எங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்கே சோறு இறங்கலை. சங்ககிரிக்காரருக்குக் கீழே இருக்கலாம், எடப்பாடிக்காரருக்குக் கீழேகூட இருக்கலாம், வில்வநாதனுக்குக் கீழே மட்டும் இருந்தா நாண்டுக்கிட்டுச் செத்துடுவேன்னார். ரெண்டு பேரும் ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தவங்க. ஒரே தட்டுல சாப்பிட்டுத் திரிஞ்சவங்க. அப்புறம் யார் கஸ்டமரை யார் இழுத்தாங்கன்னு ஆரம்பிச்சது, பேச்சுவார்த்தை நின்னு போச்சு.

போறதுக்கு முன்னாடி பழகிக்கச் சொல்லி அந்த விளையாட்டைப் போன்ல அனுப்பினாங்க. சாயங்காலம் வந்ததும் என்னைக் கூப்பிடுவார். 'அம்மிணி, நீதான் வில்வநாதன், உட்காரு.' நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும் போனவ, எனக்கென்ன தெரியும்? அவர் என்ன விலை தட்டறார்னு எட்டிப் பார்த்து, அதுல துளி குறைச்சுத் தட்டிடுவேன். ஜனம் பூரா என் கடைக்கு வந்துடும். எனக்குச் சிரிப்பு தாங்காது. ஒரு தடவை அவர் சொம்பை எடுத்துச் சுவத்துல எறிஞ்சார். என் மேல இல்லீங்க, சுவத்துலதான். நான் சுவத்தோரமா நின்னுட்டு இருந்தேன், அவ்வளவுதான்.

அதுல இன்னொரு பாடமும் உண்டு. ஒருத்தர் கஸ்டமரா நடிக்கணும், ஒருத்தர் மேனேஜரா. சொன்ன தேதிக்கு வண்டி வரலை, கஸ்டமர் கொதிச்சுப் போய் வர்றார், மேனேஜர் எப்படித் தணிக்கறார்னு பார்க்கறது. நான்தான் கஸ்டமர். எங்க ஊர் சந்தையில தக்காளி அழுகிப் போனாலே நான் விடமாட்டேன், கார் வரலைன்னா விடுவேனா? இடுப்புல கையை வச்சுக்கிட்டு, 'ஏய்யா, நீயெல்லாம் மேனேஜரா? உனக்கெல்லாம் டை ஒரு கேடா? வில்வநாதன்கிட்டப் போயிருந்தா இந்நேரம் வண்டியில கோயிலுக்கே போயிட்டு வந்திருப்பேன்'னு ஒரு பிடி பிடிச்சேன். பளார்னு ஒண்ணு விழுந்துச்சு. காதுக்குள்ள குக்கர் விசில் அடிச்ச மாதிரி. கீழே விழுந்ததுகூடத் தெரியலை, பார்த்தா தரை கன்னத்துல சில்லுன்னு இருக்கு.

ஐயோ, அப்படிப் பார்க்காதீங்க. உடனே தூக்கி விட்டார். 'நிஜக் கஸ்டமரா இருந்தா அடிப்பேனா அம்மிணி? இது ப்ராக்டீஸ்தானே'ன்னார். யோசிச்சுப் பார்த்தா அவர் சொல்றதும் நியாயம்தானே? பொய்க் கடையில தப்புப் பண்ணிட்டா நிஜக் கடை தப்பிச்சுக்கும். அங்க போய்க் கை ஓங்கறதை இங்கயே ஓங்கி முடிச்சுட்டார். அதுக்கப்புறம் தினமும் அந்தப் பாடம்தான். நானும் நடிக்கறதைக் குறைச்சுக்கிட்டேன். 'சார், வண்டி எப்ப வரும் சார்'னு மெதுவாத்தான் கேப்பேன். அப்படியும் சில நாள் வரும்.

பாருங்க, பாருங்க, மறுபடியும் உங்களைக் குத்தறா. பூவிழி! என்ன சொன்னா கேட்டீங்களா? 'பாட்டீசு'ங்கறா. அவங்க அப்பா சொல்றதைக் கேட்டுக் கேட்டு. ஆளைக் குத்திட்டு 'பாட்டீசு'ன்னுடுவா, நாம ஒண்ணும் சொல்லக் கூடாது. நல்ல அறிவு.

சங்ககிரி தாண்டிட்டோமா? காத்து நல்லா வருது.

ஏற்காட்டுல என்ன நடந்துச்சுன்னு எங்க ஷோரூம்ல ஸ்பேர் பார்ட்ஸ் பார்க்கிற இளவழகன் ஒண்ணு விடாம சொன்னான். மேனேஜருங்க கூட அவங்கவங்க கடை ஆளுங்களும் போயிருந்தாங்க, இவன் எங்க வீட்டுக்காரரோட டீம். ஆடச் சொல்லிக் கொடுக்க மெட்ராஸ்ல இருந்து பிரணவ்னு ஒரு தம்பி வந்திருந்தானாம். பால் குடிக்கிற மூஞ்சி. ஆனா வாயைத் திறந்தா வெட்டு, குத்துதான். 'எதிரியோட கழுத்து கையில கிடைச்சா நெரிங்க சார். கருணை இருக்கிறவன் கடையைச் சாத்திட்டுப் போகலாம். மார்க்கெட்டுல ரத்தம் ஓடணும்.' ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஜெயிச்ச டீம் மேசையில பித்தளையில செஞ்ச கார் ஒண்ணைக் கொண்டு வந்து வைப்பானாம். இத்தாம் பெரிசு, கெட்டிப் பித்தளை. அடுத்த ஆட்டத்துல வேற ஆள் ஜெயிச்சா அந்த மேசைக்குப் போயிடும். நம்ம ஊர்ல சேவச்சண்டைக்குச் சேவலை உசுப்பேத்தி விடுவாங்களே, அப்படி உசுப்பேத்தியிருக்கான்.

முதல்ல வம்பு இழுத்தது வில்வநாதன்தான், அதை நான் எங்க வேணாலும் சத்தியம் பண்ணுவேன். கம்ப்யூட்டர்ல வேலையாட்களுக்கு நாமளே பேரு வச்சுக்கலாம். இந்த ஆளு தன் கடை மெக்கானிக்குகளுக்கெல்லாம் எங்க ஷோரூம்ல வேலை பார்க்கறவங்க பேரையே வச்சுட்டார். வச்சுட்டு ஆட்டத்துக்கு ஒருத்தரா வேலையை விட்டுத் தூக்கறார். 'இளவழகன், நீக்கப்பட்டார்'னு சுவத்துல வருது. எல்லாரும் சிரிக்கறாங்க. அடுத்து வாட்ச்மேன் பேரு. கடைசியில என்ன பண்ணினார் தெரியுமா? கக்கூஸ் கழுவற வேலைக்கு ஒரு ஆளைச் சேர்த்து, அதுக்கு 'தெய்வசிகாமணி'ன்னு பேரு வச்சு, மறு ஆட்டத்துலயே தூக்கிட்டார். காரணம்னு ஒரு கட்டம் இருக்குமாம், அதுல 'இதுக்கும் லாயக்கில்லை'ன்னு போட்டிருந்தாராம். முதலாளியே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாராம்.

மதியச் சாப்பாட்டு நேரத்துல எனக்குப் போன் பண்ணினார். குரலே சரியில்லை. பின்னாடி தட்டு விழற சத்தம் கேட்டுச்சு. நான் என்ன செய்வேன்? பொண்டாட்டிதானே தேத்தணும்? 'விடுங்க மாமா, நீங்களும் ஒண்ணு கொடுங்க, அவரு சிரிச்ச வாயை மூடற மாதிரி'ன்னேன். 'என்ன கொடுக்கறது'ன்னார். 'அங்க வேற எதுக்கெல்லாம் பேரு வைக்கலாம்'னு கேட்டேன். பழைய வண்டி விக்கற பிரிவு ஒண்ணு இருக்கு, அதுல ஒவ்வொரு வண்டிக்கும் பேரு எழுதலாம்னார். 'சரி, அவரு சம்சாரம் பேரு என்ன, ஆயுத பூஜையில பார்த்தியே'ன்னு கேட்டார். ஜெயக்கொடின்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

ஆயுத பூஜைக்கு ஷோரூம்ல எல்லாச் சம்சாரங்களையும் கூப்பிடுவாங்க. புது வண்டிக்கெல்லாம் பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரிகடலை கொடுப்பாங்க. அங்கதான் ஜெயக்கொடியைப் பார்த்தேன். நல்லா உசரமா, இஸ்திரி போட்ட காட்டன் சீலையில வந்திருந்தாங்க. என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'கழுத்துல என்ன கோகிலா, நகக்குறியா இருக்கு'ன்னு கேட்டாங்க. கேக்கற கேள்வியா இது? பாப்பா கீறிட்டான்னேன். 'பாப்பா விரல் இவ்வளவு பெருசா இருக்காதே'ங்கறாங்க. 'எனக்கும் முதல் கல்யாணத்துல இப்படித்தான் பாப்பா இல்லாமலே கீறல் விழும். ஒரு நாள் எழுந்து வந்துட்டேன். உனக்கு எப்பத் தோணினாலும் எனக்குப் போன் போடு'ன்னு நம்பரைக் கையில திணிச்சாங்க. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. ஊரார் குடும்பத்துக்குள்ள மூக்கை நுழைக்கற புத்தி. வீட்டுக்கு வந்ததும் அவர்கிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அவர் சிரிக்கலை. அன்னைக்கு ராத்திரி சமாச்சாரம் வேண்டாம், விடுங்க.

என்னங்க்கா? ஆமா, வண்டிக்குப் பேரு மட்டும்தான் சொன்னேன். அப்புறம் சும்மா ஒரு தமாசுக்கு, 'செகண்ட் ஓனர்னு மறக்காம எழுதுங்க மாமா'ன்னேன். பழைய வண்டின்னா அது எழுதணும்தானே? ரெண்டாம் தாரமா வந்தவங்கதானே அவங்க, இல்லாததையா சொன்னோம்? அவர் போன்லயே சிரிச்சார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் என் பேச்சுக்கு அவர் சிரிச்சதைக் கேட்டேன். எனக்கு மனசு நிறைஞ்சு போச்சுங்க்கா. பூவிழியைத் தூக்கிச் சுத்தினேன்.

அடுத்த ஆட்டத்துக்கு மணி அடிச்சிருக்கு. சுவத்துல வருது. 'ஜெயக்கொடி. செகண்ட் ஓனர். நிறைய ஓடினது. வந்த விலைக்கு.' நிறைய ஓடினதுங்கறதை அவரே சேர்த்துக்கிட்டார், நான் சொல்லலை. முதல்ல எல்லாரும் சிரிச்சாங்களாம். அப்புறம் சிரிப்பு ஒவ்வொருத்தர் வாயிலயா நின்னுச்சாம். வில்வநாதன் எழுந்து வந்தார். நேரா வந்து எங்க வீட்டுக்காரர் டையைப் பிடிச்சு இழுத்து, மூக்குல ஒரு குத்து. கேட்டுக்குங்க, முதல்ல கை வச்சது அவர். ரத்தம் சட்டையில கொட்டுது. இவர் மேசையில தடவியிருக்கார். கையில பித்தளைக் கார் கிடைச்சிருக்கு. முந்தின ஆட்டத்துல நாங்கதான் ஜெயிச்சிருந்தோம், அது எங்க மேசையில இருந்துச்சு.

ஒரு அடியோட நிறுத்தியிருக்கலாம்தான். இளவழகன் சொன்னான், தேங்காய் உடைக்கிற மாதிரி சத்தம் வந்துச்சுக்கான்னு. ஆள் விழுந்துட்டார். விழுந்தவர் மேல உட்கார்ந்து மறுபடியும் மறுபடியும். பல்லு தெறிச்சு டீ கப்புக்குள்ள விழுந்துச்சாம். முதலாளி மேசைக்கு அடியில போயிட்டார். இளவழகனும் இன்னும் ரெண்டு பேரும் தோளைப் பிடிச்சு இழுத்தும் முடியலை. அப்ப எங்க வீட்டுக்காரர் என்ன சொல்லிக்கிட்டே அடிச்சார் தெரியுமா? 'எழுந்திரு, இது ப்ராக்டீஸ்தான், எழுந்திரு'ன்னு சொல்லிக்கிட்டே அடிச்சாராம். பாருங்க, அந்த நேரத்துலயும் தூக்கி விடணும்கிற எண்ணம் இருந்திருக்கு. கெட்ட மனுஷன் அப்படிச் சொல்லுவாரா? இதை ஜெயக்கொடிகிட்டக் கட்டாயம் எடுத்துச் சொல்லணும்.

அந்தத் தம்பி பிரணவ் சுவத்தோட ஒட்டிக்கிட்டு நின்னிருக்கான். விளையாட்டை நிறுத்தக்கூடத் தோணலை. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்கு மணி அடிச்சு, மூணு மாசம் முடிஞ்சதுன்னு கணக்குப் பண்ணி, எங்க வீட்டுக்காரர் பேரை மேலே போட்டுடுச்சு. அந்தப் பழைய வண்டிக்கு நேரா 'விற்பனையானது'ன்னு பச்சையில மின்னி மின்னி வந்துச்சாம். கீழே வில்வநாதன் ரத்தத்துல குமிழி விட்டுக்கிட்டுக் கிடக்கார். ஒரு கண்ணுல பார்வை திரும்ப வருமா வராதான்னு டாக்டருக்கே தெரியலையாம். ஜெயிச்சது எங்க வீட்டுக்காரர்தான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா முதலாளி அந்தப் பெரிய மேனேஜர் பேச்சையே எடுக்க மாட்டேங்கறார்.

இப்ப நானும் இவளும்தான் வீட்டுல. சொன்னா நம்ப மாட்டீங்க, இந்தப் பிள்ளைக்குத் தூக்கத்துல ஒண்ணுக்குப் போற பழக்கம் இருந்துச்சு. மந்திரிச்சும் நிக்கலை. இப்ப தானா நின்னு போச்சு. எனக்கும் ஜாக்கெட்டெல்லாம் பிடிக்குது, உடம்பு போட்டுடுச்சு. சாயங்காலம் வாசக் கேட்டுச் சத்தம் கேட்டா இவளைத் தூக்கிட்டுச் சமையக்கட்டுக்குப் போயிடுவேன், இப்ப அதுவும் இல்லை. டம்ளர் ஒண்ணுகூட நசுங்கலை. ஆளில்லாத வீடுன்னா இப்படித்தான் வெறிச்சுன்னு இருக்கும் போல. அவர் வந்துட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்.

திரும்பிப் போயிடுன்னா சொன்னீங்க? இந்தக் காதுலயே சரியா விழலையோ என்னமோ. கஞ்சி வேற ஆறிப் போயிடும், திரும்பிப் போனா யாருக்குக் கொடுக்கறது? அழாதீங்க்கா, எதுக்கு அழறீங்க? நானே அழலை.

மகுடஞ்சாவடி போயிடுச்சு. இனி கொண்டலாம்பட்டி, அப்புறம் பஸ் ஸ்டாண்டுதான். எனக்கு இப்பத்தான் பயம் வருது. ஜெயக்கொடி முகத்தைப் பார்த்து என்ன பேசறதுன்னே தெரியலை. அந்த நம்பர்த் துண்டை இன்னும் அரிசி டப்பாவுக்கு அடியில வச்சிருக்கேன், எதுக்குன்னு தெரியலை. அவங்க முன்னாடி போய் நின்னதும் வார்த்தை தடுமாறி வேற எதையாவது கேட்டுடுவேனோன்னு இருக்கு.

எனக்கு ஒரு உதவி பண்ணுங்க்கா. நீங்கதான் ஜெயக்கொடி. ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்திருக்கீங்க. நான் போசியோட வந்து நிக்கறேன். நீங்க எடுத்த உடனே மன்னிச்சுடக் கூடாது, நல்லாத் திட்டணும், வாயில வந்ததையெல்லாம் திட்டணும். கையை ஓங்கத் தோணுச்சுன்னா ஓங்குங்க, ப்ராக்டீஸ்தானே. இந்த வலது பக்கம் மட்டும் வேண்டாங்க்கா. கேக்கறது இந்தக் காது ஒண்ணுலதான்.